செமினாருக்குப் போகும் மகள், ப்ளேஸ்மெண்ட் பயத்தில் அம்மா

வணக்கம்மா. மூன்றாம் ஆண்டு இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிக்கும் மகள் ப்ளேஸ்மெண்ட் பயிற்சியை விட்டுவிட்டு, பெங்களூரு அல்சூரிலிருந்து மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் ஐ.ஐ.எஸ்சி.க்கு ரோபோ பற்றிய பேச்சு கேட்கப் போகிறாள்; மார்க்கும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை, எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகட்டும். ஆனால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தால் மட்டும் பிரயோஜனமில்லை.

அங்கே பேசுகிறவர் பாடம் நடத்துவதில்லை. தான் வருடக்கணக்காக மல்லுக்கட்டும் ஒரு சிக்கலைச் சொல்கிறார். முதல் பத்து நிமிடம் புரியும், அப்புறம் கணக்கு வந்து மறித்துக்கொள்ளும். அதற்காக உங்கள் மகள் சோர்ந்துபோக வேண்டாம். அவள் கவனிக்க வேண்டியது வேறு. ரோபோ பாத்திரங்களை எடுத்து அடுக்கும் வீடியோ ஓடும்போது, திரையின் மூலையில் எட்டு மடங்கு வேகம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்; நிஜத்தில் ரோபோ அவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது. கேள்வி நேரத்தில் யாராவது, 'பத்து தடவையில் எத்தனை தடவை கீழே போட்டது?' என்று கேட்பார்கள். பேனாவைத் திறக்க வேண்டியது அப்போதுதான்.

2019-இல் ஓபன்ஏஐ-யின் ரோபோ கை ஒன்று ரூபிக்ஸ் க்யூபைச் சேர்த்துவிட்டது என்று செய்தி வந்தது. அந்தக் கை பழகியது கணினிக்குள், சிமுலேஷனில். நிஜத்தில் எது வந்தாலும் தடுமாறக்கூடாது என்று உராய்வு, எடை, க்யூபின் அளவு எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பழக்கினார்கள். அப்படியும் மிகக் கடினமாகக் கலைத்த க்யூபில் ஐந்துக்கு ஒரு தடவைதான் வெற்றி. மீதி நாலு தடவை ஏன் நழுவியது என்று தேடுவதற்குத்தான் இந்தத் துறையில் ஆள் வேண்டும். அதனால் அவள் வீட்டுக்கு வந்ததும் 'என்ன சொன்னாங்க?' என்று கேட்காதீர்கள்; 'எது சரியா வரலையாம்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அன்றைக்கு டீயும் சமோசாவும்தான் மிச்சம்.

அடுத்து, ரோபோ பழகுவதற்கு வாங்கலாமா என்று நீங்கள் கேட்டிருக்கும் கேமிங் லேப்டாப். இப்போது வாங்காதீர்கள். ரோபோவைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் முஜோகோ என்ற சிமுலேட்டரை கூகுளின் டீப்மைண்ட் 2021-இல் வாங்கி இலவசமாக்கியது. 2022-இல் அதன் நிரலையும் யாரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. கசீபோ என்ற இன்னொரு சிமுலேட்டர், படங்களை அலச உதவும் ஓபன்சிவி இரண்டும் இலவசம். பழக இருக்கிற லேப்டாப்பே போதும். என்விடியாவின் ஐசக் சிம் என்ற சிமுலேட்டருக்குத்தான் ஆர்டிஎக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் கார்டு தேவை; அது வேண்டிவந்தால் இன்டர்ன்ஷிப் போகும் லேபில் பார்த்துக்கொள்ளலாம்.

கேமரா படத்தைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்ப்யூட்டர் விஷனில் ஆசை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யட்டும்: சதுரங்கக் கட்டம் அச்சிட்ட தாளை அட்டையில் ஒட்டி, செல்போனில் பல கோணங்களில் படம் எடுத்து, லென்ஸ் எவ்வளவு வளைத்துக் காட்டுகிறது என்று ஓபன்சிவியில் கணக்கிட வேண்டும். பசை காய்ந்து தாள் லேசாகப் புடைத்திருந்தாலே பிழை ஏறும். ஏன் ஏறியது என்று தானே கண்டுபிடித்து ஒரு பக்கம் எழுதினால், பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் கொடுக்கும் ரோபோட்டிக்ஸ் சர்டிபிகேட்டைவிட அது மேல். பேசிய பேராசிரியருக்குக் கோடை இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் போடும்போது அந்தப் பக்கத்தையும், உரையில் தனக்கு எழுந்த ஒரு கேள்வியையும் சேர்க்கட்டும். 'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட்' ரக மெயில்கள் அவர்களுக்கு மூட்டை மூட்டையாக வருகின்றன.

ப்ளேஸ்மெண்ட் வகுப்பை விட வேண்டாம். அங்கே பழகும் சி பிளஸ் பிளஸ், டேட்டா ஸ்ட்ரக்சர் இரண்டும் ரோபோ வேலைக்கும் அடிப்படை. வகுப்பும் உரையும் ஒரே நேரத்தில் வந்தால் வகுப்புக்கே போகட்டும்; அமெரிக்காவின் கார்னகி மெலன் ரோபோட்டிக்ஸ் துறை தன் செமினார்களை யூடியூபில் போடுகிறது, இரவில் பார்க்கலாம்.

மேற்படிப்புச் செலவை நினைத்து இப்போதே கலங்க வேண்டாம். ஐ.ஐ.எஸ்சி.யில் ரோபோட்டிக்ஸ் அண்ட் அட்டானமஸ் சிஸ்டம்ஸ் என்றே ஒரு எம்.டெக். இருக்கிறது. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் எம்.டெக். மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும். அதனால் முதலில் வேலையில் சேர்ந்துவிட்டுக்கூட அவள் முடிவெடுக்கலாம்.