கைக்குழந்தையும் கணவன் மனைவியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குப் போன மனைவி, குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து போன வாரம்தான் திரும்பினாள். நான் தூக்கினாலே குழந்தை வீறிட்டு அழுகிறது. ‘விடுங்க, உங்களுக்குத் தெரியாது’ என்று அவள் வாங்கிக்கொள்கிறாள். சொந்த வீட்டிலேயே விருந்தாளிபோல இருக்கிறேன். - வாசகர், ஈரோடு

பதில்: அவருக்கு உங்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுத்துக் கொடுத்து, எது பசி அழுகை, எது தூக்க அழுகை என்று அவர் பழகிவிட்டார். இத்தனை நாள் தள்ளியிருந்த உங்களுக்கு அந்தப் பழக்கம் அமையவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

‘ஏதாவது உதவி வேணுமா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். என்ன வேலை, எப்போது என்று யோசித்துச் சொல்லும் பொறுப்பும் அப்போது அவர் தலையில்தான் விழுகிறது. ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது என்றால் வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்து, துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துவைத்து, கடைசியில் ஈரத்துணியை உலர்த்துவது வரை எல்லாம் உங்களுடையது.

குழந்தையைப் பசிநேரத்தில் வாங்காதீர்கள். பால் வாசனை இல்லாத மடியில் அது அழத்தான் செய்யும். குடித்து முடித்ததும் வாங்கி, தோளில் நிமிர்த்திப் போட்டு, பத்து நிமிடம் முதுகைத் தட்டி ஏப்பம் விட வையுங்கள். தினமும் அதே நேரம், அதே தோள், அதே பாட்டு. அந்த நேரத்தில் மனைவி அடுத்த அறைக்குப் போய்விடட்டும். துணி கோணலாகக் கட்டியிருந்தாலும் அவர் வந்து திருத்தக் கூடாது. திருத்தத் திருத்த அப்பாக்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பிறகு அந்த வேலை அம்மாவுக்கே நிரந்தரமாகிவிடுகிறது.

பெரும்பாலான சண்டைக்கு அடியில் இருப்பது தூக்கமின்மை. இரவு 9.30க்கு அவர் பால் கொடுத்துவிட்டுத் தனியறையில் 1.30 வரை தூங்கட்டும். இடையில் பசித்தால், எடுத்துவைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டுங்கள். ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வைத்த பால் நான்கு நாள் வரை தாங்கும். கதவுத் தட்டு வேண்டாம். அடுப்பில் வைக்காமல், கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்தி இளஞ்சூடாக்குங்கள். இடையில் கலையாத அந்த நான்கு மணி நேரத் தூக்கம் அவர் பேச்சின் தொனியையே மாற்றும்.

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து வாரம். தினமும் காரணமில்லாமல் அழுகிறேன். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘ஊர்ல யாரும் பிள்ளை பெத்துக்கலையா?’ என்கிறார் கணவர். - வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிரசவமானதும் ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதால், மூன்றாம் நாளையொட்டி அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். உங்களுக்கு ஐந்து வாரமாகியும் நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் பிடிக்கவில்லை. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். நீங்கள் பலவீனமானவர் என்பதாலோ, குழந்தைமேல் பாசமில்லாததாலோ வந்ததல்ல.

ஆறாவது வாரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ‘எடின்பரோ’ என்ற பத்துக் கேள்விப் படிவம் இதற்கென்றே 1987இல் வந்தது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியில்லாவிட்டாலும் இதே சோர்வு வரும். மாத்திரை தேவைப்பட்டால், பாலூட்டிக்கொண்டே சாப்பிடக்கூடியவை இருக்கின்றன. கணவரையும் கூட்டிப்போங்கள், வீட்டில் எடுபடாத பேச்சு மருத்துவர் வாயிலிருந்து வந்தால் எடுபடும். அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வருவதுண்டு, பலரிடம் அது எரிச்சலாகத்தான் வெளிப்படும். அவருடைய தூக்கத்தையும் மருத்துவர் விசாரிக்கட்டும்.

உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தாலோ, யாரோ பேசுவதுபோலக் குரல் கேட்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவரை வீட்டார் உங்களைத் தனியே விடக் கூடாது. அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.