அப்பாவுக்கு 56 வயது. ஞாபகம் நன்றாக இருக்கிறது, குணம்தான் அடியோடு மாறிவிட்டது. இது டிமென்ஷியாவாக இருக்குமா?

இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. "நெட்டில் படித்துவிட்டுப் பயமுறுத்துகிறாள்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு அரிசிக் கடை. கணவருக்கு 53 வயது இருக்கும்போது மாமியார் தவறிப்போனார். கூடத்தில் உடல் கிடக்கிறது, சொந்தபந்தமெல்லாம் அழுகிறது. இவர் என்னிடம் வந்து, "டீயில் சர்க்கரை பத்தலை" என்கிறார். துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். பதினாறாம் நாள் பந்தியில் பக்கத்து இலை ஜாங்கிரியை எடுத்துத் தின்றார் பாருங்கள், அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. அது எங்கள் சம்பந்தியின் இலை.

ஆனால் எந்த ரக அரிசி என்ன விலை, யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் மனப்பாடம். அதில்தான் ஏமாந்தோம். முதலில் பார்த்த டாக்டர் தேதி, கிழமையெல்லாம் கேட்டு 30க்கு 28 மார்க் போட்டு, மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். ஒன்றரை வருஷம் அதிலேயே போனது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிய செலவு தனி.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு நரம்பியல் டாக்டர், அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் முக்கால் மணி நேரம் கேட்டார். கூச்சம் விட்டுப்போச்சா, அடுத்தவர் அழுதால் உறைக்கிறதா, சும்மாவே உட்கார்ந்திருக்கிறாரா, செய்ததையே செய்கிறாரா, இனிப்பு ஆசை கூடியதா, ஒரு வேலையைத் திட்டம்போட்டு முடிக்கிறாரா என்று. இந்த ஆறில் மூன்று இருந்து, நாளாக நாளாகக் கூடிக்கொண்டும் போனால் சந்தேகப்படுவார்களாம். எம்ஆர்ஐயில் மூளையின் நெற்றிப் பக்கம் சுருங்கியிருந்தது. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்றார், இவருக்கு வந்தது ஞாபகத்துக்கு முன்னால் குணத்தை மாற்றுகிற வகை. ஆரம்பத்தில் ஸ்கேன் நார்மலாகவும் வரலாம், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அல்சைமர் என்கிற ஞாபக மறதி நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கு உதவாது, சிலருக்குத் தொல்லையைக் கூட்டும்.

நாத்தனார் மட்டும் இன்னமும், "நீங்க சரியாப் பாத்துக்கலை அண்ணி" என்கிறாள். மாமியாரின் மூன்று பவுன் சங்கிலி எங்கே போனது என்று நான் கேட்டேனா?

டாக்டரிடம் போகும்போது அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், அப்பா "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வார். என்றைக்கு என்ன செய்தார் என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

இங்கே சர்க்கரை டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். நேற்று அதையும் கண்டுபிடித்துவிட்டார்.