எல்லாமே மாறிவிட்ட புறக்கோட்டையில் பழைய வரைபடங்களும் புகைப்படங்களும் எதற்கு உதவும்?

கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையில் பழையது எதுவும் மிஞ்சவில்லை, அப்படியிருக்கப் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் தூக்கிக்கொண்டு அங்கே அலைவதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நூறாண்டு பழமையான அஞ்சலட்டை ஒன்றைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு பிரதான வீதியில் நின்று, ஒரு கட்டடமும் பொருந்தாமல் வெயிலில் சலித்துத் திரும்பியவராக நீங்கள் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். கட்டடங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே அந்தச் சலிப்புத்தான் கிடைக்கும். புறக்கோட்டையில் நின்று நிலைத்தவை தெருக்களே. ஆதலால் முதலில் வரைபடத்தைப் படித்துவிட்டு, அதன் பிறகே புகைப்படத்தைக் கையில் எடுக்க வேண்டும். நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன், கொழும்பின் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஒரு சாதாரண மனிதன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பட்டம் கேட்டுச் சண்டைக்கு வருபவர்கள் தயவுசெய்து அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), மேற்கே அரண் சூழ்ந்த கோட்டையையும் கிழக்கே குடியிருப்பு நகரத்தையும் தனித்தனியாக அமைத்தார்கள். அவர்கள் வரைந்த படங்கள் பல ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து கிழக்குப் பகுதியைப் பாருங்கள். இன்று முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று நாம் எண்ணிக்கொண்டு போகும் தெருக்களையும், அவற்றை வெட்டிச் செல்லும் கெய்சர் வீதியையும் பிரின்ஸ் வீதியையும் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல அங்கேயே காணலாம். கோட்டைப் பக்கம் மட்டும் குழப்பும், ஏனென்றால் 1870 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் அந்த மதில்களை இடித்துவிட்டார்கள். கடலோரமும் அப்படியே. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதாங்கியும், அதன் பின் வளர்ந்த துறைமுகமும் செட்டியார் தெருவைக் கரையிலிருந்து பிரித்துவிட்டன. இன்று அந்தத் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே நிற்பவருக்குக் கடல் அருகில் இருப்பதே தெரியாது.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு அல்பத்தில் உள்ள ஒரு படம். என் அம்மப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்து, பிற்காலத்தில் அதன் பங்காளியானவர். கடை வாசலில் வேட்டியும் கோட்டுமாக அவர் நிற்கும் அந்தப் படத்தில் பெயர்ப்பலகை பாதியோடு வெட்டுப்பட்டிருக்கிறது. கடை 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்தது. அதன் பிறகு அம்மப்பா அந்தத் தெருப் பக்கமே போகவில்லை, எங்களிடம் இடத்தைச் சொல்லவும் இல்லை. பெரிய மாமா அது செட்டியார் தெருவென்றே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சுக் கிடையாது.

ஆனால் படத்தில், தெருவின் கோடியில், ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் தெரிகிறது. அது பம்பாயிலிருந்து வந்த கான் குடும்பத்தார் 1923 இல் கட்டிய கோபுரம். தலைக்கு மேலே டிராம் வண்டியின் மின்கம்பி ஓடுகிறது, கொழும்பில் டிராம் 1960 இல் நின்றுபோனது. ஆகவே படத்தின் காலத்துக்கு இரு எல்லைகள் கிடைத்துவிட்டன. கோபுரம் பிரதான வீதியின் மேற்கு முனையில் நிற்பது. வடக்கு நோக்கிப் போகும் செட்டியார் தெருவிலிருந்து பார்த்தால் அது தெருவின் முடிவில் நேராக வருவதற்கு வழியே இல்லை. வரைபடத்தை மேசையில் விரித்து இதைக் காட்டியபோது மாமா ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், அதை நான் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே கடை பிரதான வீதியில்தான். எஞ்சியது, அந்த வீதியில் எந்த இடம் என்பது. இங்கேதான் பலர் கோபுரத்தின் அளவைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்க முயன்று ஏமாறுகிறார்கள். கைபேசியின் அகன்ற வில்லை தொலைவிலுள்ளதை இன்னும் சிறிதாக்கிக் காட்டும், எனவே அளவை நம்பக்கூடாது. அருகிலுள்ள ஒரு மூலையும் தொலைவிலுள்ள கோபுரமும் படத்தில் எப்படி ஒன்றையொன்று மறைக்கின்றன என்பதைக் கவனித்து, அதே மறைப்பு உங்கள் கண்ணுக்கும் கிடைக்கும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். கடைகள் எல்லாம் மாறியிருந்தாலும், குறுக்குத் தெரு வந்து சேரும் இடைவெளி மாறுவதில்லை. அம்மப்பாவின் கடை, வீதியின் தென்புறத்தில், இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்களுக்கு நடுவில் இருந்தது. இன்று அங்கே திரைச்சீலை விற்கும் மாடிக்கட்டடம் ஒன்று நிற்கிறது. படம் இடம் வலமாகப் புரட்டி அச்சிடப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், பலகையிலுள்ள எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அஞ்சலட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1890 இல் தொடங்கிய பிளாட்டே புகைப்பட நிறுவனமும், அதற்கு முன்பிருந்த ஸ்கீன், ஸ்கோவன் முதலான படப்பிடிப்பாளர்களும் இல்லாவிட்டால் அந்தக் காலக் கொழும்பு நமக்குக் கிடைத்திருக்காது, அந்த நன்றியில் குறைவில்லை. ஆனால் கையால் பூசிய வண்ணத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். படத்தின் கீழே அச்சிட்ட குறிப்பையும் அப்படியே. மூட்டை சுமக்கும் நாட்டாமிகளும், தலைப்பாகை கட்டிய செட்டிமாரும், தொப்பி அணிந்த முஸ்லிம் வணிகர்களும் முகம் தெரிய நிற்கும் படத்துக்கு 'சுதேசிகளின் கடைத்தெரு' என்ற பாணியில் ஒரே வரி. அது அந்தக் காலத்து ஆங்கிலேயர் மனம் என்று விட்டுவிடலாம். ஆனால் இன்றைக்கும் இப்படங்களைப் பகிர்கிற சிலர் கூரை ஓடுகளைப் பற்றியும் தூணைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, அந்தத் தூணுக்குக் கீழே கடை வைத்திருந்தவர் யார் என்று ஒரு வரி எழுதாததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் ஒருமுறை சேர்ந்து நடந்த ஒரு சுற்றுலாக் குழுவில், வழிகாட்டி ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தையும், 1757 இல் கட்டி முடித்த வுல்வெண்டால் தேவாலயத்தையும் விரிவாகவே விளக்கினார், குறை சொல்வதற்கில்லை. ஆனால் செட்டியார் தெருவில் முருகனின் கதிரேசன் கோவில்களைக் கடக்கும்போது 'இது ஒரு இந்துக் கோவில்' என்பதோடு முடித்துக்கொண்டார். ஆடிவேல் விழா இரதம் அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் வழியையும் ஒரு வரைபடத்தில் கோடாக இழுத்துக் காட்டியிருக்கலாம். இதைச் சொன்னால் இனவாதம் பேசுகிறேன் என்பார்கள். சிவப்புப் பள்ளிவாசல் எனப்படும் செம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை 1908 இல் கட்டத் தொடங்கியவர்களுக்காகவும், குஜராத்தி முஸ்லிம்களான போரா வணிகர்களுக்காகவும் எனக்கு இதே முறைப்பாடு உண்டு.

நீங்கள் போவதானால் ஞாயிறு அல்லது போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) காலையில் போங்கள். கடைகள் பூட்டியிருக்கும்போதுதான் தெருவின் நடுவில் நிற்க முடியும். பெயர்ப்பலகைகளுக்கு மேலே தலையை நிமிர்த்தினால் பழைய மேல்மாடி முகப்புகள் சில இன்னும் எஞ்சியிருப்பதும் அப்போதுதான் தெரியும். வரைபடத்தைக் காகிதத்தில் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள், வெயிலில் கைபேசித் திரை பயன்படாது. துறைமுக வாசல்களின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம், காவலர்களுக்கு விளக்கம் சொல்வதிலேயே காலை கழிந்துவிடும். உங்கள் வீட்டு அல்பத்திலும் ஒரு கடை வாசல் இருந்தால், முதலில் அதைக் கொண்டு போங்கள். அஞ்சலட்டைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.