தமிழையா, தமிழிலா?

அன்புள்ள ஐயா,

நான் சுங்கை சிப்புட்காரன், கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மகனை அடுத்த வருடம் முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். தமிழ், சீன மொழிகளில் பாடம் நடத்தும் பள்ளிகள் செல்லாது என்று போட்ட வழக்கில், அவை மலேசிய அரசியலமைப்புக்கு உட்பட்டவைதான் என்று 2021இல் உயர் நீதிமன்றம் சொன்னது மேல் நீதிமன்றங்களிலும் நின்றுவிட்டது. இனி தமிழ்ப்பள்ளியை யாரும் அசைக்க முடியாதுதானே? தைரியமாகச் சேர்க்கலாமா? வழக்குப் போட்டவர்களைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

வழக்குப் போட்டவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நீதிமன்றப் படி ஏறினார்கள், தோற்றார்கள், அவ்வளவுதான். ஆனால் தீர்ப்பு வந்த அன்று வாட்சாப்பில் மாலை மரியாதை செய்த உங்களில் ஒருவராவது அந்த வழக்கு எதில் தொங்கியது என்று கேட்டீர்களா?

சொல்கிறேன், கேள். அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழி என்று சொல்லிவிட்டு, வேறு எந்த மொழியையும் கற்பிப்பதையோ கற்பதையோ யாரும் தடுக்கக்கூடாது என்கிறது. அதிகாரப்பூர்வக் காரியம் அல்லாதவற்றுக்குப் பயன்படுத்துவதையும் தடுக்கக்கூடாது. மொழியைக் கற்பிப்பது என்றுதான் இருக்கிறது, மொழியில் கற்பிப்பது என்று இல்லை. பள்ளியில் வேற்றுமை உருபு படித்திருப்பாயே, இரண்டாவது ஐ, ஏழாவது இல், கொட்டாவி விட்டுக்கொண்டே ஒப்பித்தோமே, அதேதான். சீன மொழியில் நடத்த நினைத்த மெர்டேக்கா பல்கலைக்கழகம் 1982இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றதற்கு இந்த உருபும் ஒரு காரணம். பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பு, அதனால் அங்கே பாடம் நடத்துவதே அதிகாரப்பூர்வக் காரியம் என்பது இன்னொன்று. சுமார் நாற்பது வருடம் கழித்து நம் பள்ளிகள் மேல் ஓங்கியதும் அதே கத்திதான். இந்தப் பள்ளிகள் பொது அதிகார அமைப்பு அல்ல, அதனால் அங்கே தமிழில் நடத்துவது அதிகாரப்பூர்வக் காரியம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் கண்டது, பிழைத்தோம். 2025இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை.

மதம் மாறிய கணவர் தன்னைக் கேட்காமல் பிள்ளைகளையும் மதம் மாற்றியதை எதிர்த்து ஒரு தாய் போட்ட, நம் ஈப்போவில் தொடங்கிய இந்திரா காந்தி வழக்கும் ஒரு சொல்லில்தான் நின்றது. பிள்ளையின் மதத்தை முடிவு செய்பவர் என்று சட்டம் ஒருமையில் சொன்னது தாய் தகப்பன் இருவரையும்தான் என்று 2018இல் தீர்ப்பானது. தமிழில் பெற்றோர் என்றாலே இரண்டு பேர், நமக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது. தீர்ப்புக்குப் பிறகும் அந்தத் தாய் வருடக்கணக்கில் மகளைத் தேடி அலைந்தார் என்பதையும் மறந்துவிடாதே.

எங்கள் தோட்டத்துப் பள்ளி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். அந்தக் காலத்தில் போட்ட அத்தாப்புக் கொட்டகை. பிறகு சம்பள நாளில் ஆளுக்கு இரண்டு வெள்ளி போட்டுப் பலகைக் கட்டடமாக்கினார்கள், என் அப்பாவும் போட்டார். அப்போது துரையிடமிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி படித்துவிட்டு, துரை பள்ளிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டார் என்றார். மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டி, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பா அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார்.

தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனபோது அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு ஓடினோம். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். நிலத்தைக் கொடுக்கிறோம் என்று எங்கும் இல்லை. நிலத்தில் பள்ளி நடத்திக்கொள்ள இப்போதைக்கு ஆட்சேபமில்லை என்று இருந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது அப்பா சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் ஒருத்தனும் கிராணியைக் கேள்வி கேட்கவில்லையே என்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இன்னும் ஆறவில்லை. உன்மேல் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்.

மகனைச் சேர், அதற்கு என்னிடம் என்ன கேள்வி. தீர்ப்பின் நகல் எடுத்து வைத்திருக்கிறேன், இங்கிலீஷ்தான், உட்கார்ந்து படித்தால் புரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். பையனையும் கூட்டி வா.