மூவர்ண எல்ஈடி: பழுதா, வகை மாறியதா?

கேள்வி: உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் கற்கும் என் மகளின் செயற்றிட்டத்துக்காக, மட்டக்களப்பு நகரிலுள்ள கடையொன்றில் ஆர்டுயினோ ஊனோ பலகையும் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) நான்கு கால்களுள்ள மூவர்ண எல்ஈடிகளும் வாங்கினேன். நீண்ட காலைப் பலகையின் கிரவுண்டில் (0 வோல்ற்று முனை) இணைத்தால் எதுவும் எரியவில்லை. 5 வோல்ற்றில் இணைத்தால், நிரலில் அணைக்கும்படி எழுதும்போது முழுப் பிரகாசத்துடன் எரிகிறது. நிறங்களும் மாறி வருகின்றன. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடையி ஒன்றே போதுமென்ற கடைக்காரர், எல்ஈடியை மாற்றித் தரவும் மறுக்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், கல்முனை

பதில்: நீங்கள் கூறும் அறிகுறிகள் பழுதைக் காட்டவில்லை. மூன்று நிறங்களின் எதிர் முனைகளும் நீண்ட காலில் ஒன்றுசேர்ந்து, அது கிரவுண்டுக்குச் செல்வது பொதுக் கதோட்டு வகை. நேர் முனைகள் ஒன்றுசேர்ந்து, அது 5 வோல்ற்றுக்குச் செல்வது பொது அனோட்டு வகை. உங்களிடம் இருப்பது பின்னையது. இதில் நிறக் கால் இணைக்கப்பட்ட பலகையின் பின்னில் (இணைப்பு முனையில்) வோல்ற்றளவு தாழும்போதே மின்னோட்டம் பாய்வதால், நிரலில் 0 என்றால் முழு ஒளி, 255 என்றால் அணைவு; ஒவ்வொரு பெறுமானத்தையும் 255 இலிருந்து கழித்து எழுதினால் சரியாகிவிடும். அதன் பின்னரும் பச்சைக்கு நீலம் வந்தால் அவ்விரு வயர்களையும் இடம்மாற்றுங்கள்; அக்கால்களின் வரிசை எல்லாத் தயாரிப்புகளிலும் ஒன்றல்ல. நிறங்களைக் கலக்க, பிரகாசத்தைப் படிப்படியாக மாற்றக்கூடிய 3, 5, 6, 9, 10, 11 ஆகிய இலக்கப் பின்களையே பயன்படுத்த வேண்டும்.

தடையி ஒன்றே போதுமென்ற ஆலோசனையை ஏற்காதீர்கள். சிவப்பு ஏறத்தாழ 2 வோல்ற்றிலும், பச்சையும் நீலமும் ஏறத்தாழ 3 வோல்ற்றிலும் எரிவதால், பொதுக் காலில் ஒரு தடையியை மட்டும் வைத்தால் சிவப்பு எரியும்போது மின்னோட்டத்தின் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ள, மற்ற இரண்டும் மங்கிவிடும். வெள்ளை ஒருபோதும் கிடைக்காது. நிறக் கால் ஒவ்வொன்றுக்கும், சிவப்பு, சிவப்பு, கபில வளையங்களுள்ள 220 ஓம் தடையியை வையுங்கள். சிவப்பில் ஏறத்தாழ 14 மில்லி அம்பியரும் மற்றவற்றில் 9 மில்லி அம்பியரும் பாயும். பின்னொன்றுக்கு 20 மில்லி அம்பியர் என்ற பரிந்துரைக்கு உள்ளேயே இது அடங்கும்.

பொதுக் கதோட்டு என்று கேட்டு வாங்கியிருந்தால் மாற்றித் தரக் கோருவது முற்றிலும் நியாயம்; வகையைக் குறிப்பிடாமல் வாங்கியிருந்தால் கடைக்காரரைக் குறைகூற முடியாது. எனவே பற்றுச்சீட்டில் வகையையும் எழுதச் சொல்லுங்கள்; 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்க வர்த்தகர் கடமைப்பட்டவர். அடுத்த முறை கடையிலேயே மல்டிமீற்றரை (மின் அளவுமானி) டயோட் சோதிக்கும் நிலைக்குத் திருப்பி, சிவப்பு முனையை நீண்ட காலில் வைத்துக் கறுப்பு முனையால் மற்றக் கால்களைத் தொடச் சொல்லுங்கள். ஒளி தெரிந்தால் அது பொது அனோட்டு. முனைகளை மாற்றினால்தான் தெரியுமென்றால் பொதுக் கதோட்டு. சில மீற்றர்களில் சிவப்பு மட்டுமே மங்கலாக எரியும். வகையை அறிய அதுவே போதும்.