பத்து நாளாகியும் பெட்டியை விட்டு வராத முயல்

காப்பகத்திலிருந்து கொண்டுவந்து பத்து நாளாகியும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, கையை நீட்டினால் பின்னங்காலால் தரையைத் தட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது கோபம் இல்லை, பயம். முயல் இரையாகிற பிராணி. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பதும் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முகத்துக்கு நேரே கை நீட்டுவது, தூக்குவது இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே வரத் துணிச்சல் வரும். அந்தி வேளையில் (முயல் அதிகம் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும்தான்) தினமும் தரையில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். அதைப் பார்க்கவே வேண்டாம். பக்கத்தில் அதற்குப் பிடித்த தழை ஒன்றிரண்டு கிடக்கட்டும். என் முயல் என் முழங்காலை மோந்து பார்க்க ஐந்து வாரம் ஆனது. அன்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவுடன் தொடாதீர்கள், மோந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் ஒரு நாள் தானாகத் தலையைத் தாழ்த்தும், அப்போது நெற்றியை மெதுவாகத் தடவலாம்.

ஒன்று முக்கியம்: 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், பயத்தில் இருக்கிறது என்று விட்டுவிடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குடல் இயக்கம் நின்றால் முயல் தாங்காது.