உடனே பதில் போடுவார்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் திருகோணமலையிலிருந்து மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வருகிறேன். காலையில் அனுராதபுரச் சந்தியில் தனியார் பஸ் ஏறுவேன். சாரதி நல்ல மனிதர். பஸ் எங்கே வருகிறது என்று மெசேஜ் போட்டால் உடனே பதில் போடுவார். எங்களுக்காகச் சந்தியில் ஒரு நிமிடம் நின்றும் போவார். ஆனால் சென்ற கிழமை கிண்ணியாப் பாலத்தில் ஸ்டியரிங்கை முழங்கையால் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் போனில் எழுதிக்கொண்டு போனார். முன்சீட்டில் இருந்த வயதான உம்மா ஒருவர் "அல்லாஹ்வே" என்று சத்தம் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

இருக்கிற சட்டம் போதாது என்று நினைக்கிறேன். தண்டப்பணத்தைப் பல மடங்கு கூட்ட வேண்டும். லைசென்ஸைப் பறிக்க வேண்டும். ஆள் செத்தால் கொலைக் குற்றமாக எடுக்க வேண்டும். எல்லாச் சந்தியிலும் கமெரா பூட்ட வேண்டும். சிங்கப்பூரில் இப்படி நடக்குமா? எங்கள் சனத்துக்குப் பயம் காட்டினால்தான் ஒழுக்கம் வரும். சட்டத்தைக் கடுமையாக்க வேண்டுமா இல்லையா என்று நீங்கள் வெளிப்படையாக எழுத வேண்டும்.

ஓர் ஆசிரியை, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்த கிழமை நானும் இதே நினைப்போடுதான் திரிந்தேன். கனடாவில் இருக்கும் என் மருமகள் ஒருத்திக்கு என்னோடு கோபம். நிலாவெளி றோட்டில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது அவள் விடாமல் போன் எடுத்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. "பைக்கில் போனேன் பிள்ளை" என்றால், "அதுக்கு? ஒரு மெசேஜாவது போட்டிருக்கலாமே மாமா" என்கிறாள். அங்கே காருக்குள் போனைத் தொடவே பயப்படுகிறவள் அவள். அந்த நாட்டுச் சட்டம் அப்படி. கடல் கடந்து இந்தப் பக்கம் பேசும்போது மட்டும் அந்தப் பயம் எங்கேயோ கழன்று விழுந்துவிடுகிறது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம்.

சிலவற்றைத் தள்ளிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். சிங்கப்பூரை விடுங்கள். எந்தக் கதையைத் தொடங்கினாலும் எங்கள் ஆட்கள் கடைசியில் சிங்கப்பூரில் போய் இறங்குகிறார்கள். "எங்கள் சனத்துக்குப் பயம் காட்டினால்தான்" என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒருவர் எழுதியிருக்கக் கூடாது. இந்த ஊருக்குக் காட்டிய பயம் போதாதா? சந்திக்குச் சந்தி துவக்கோடு நின்றவர்களைப் பார்த்துப் பயந்து வளர்ந்த சனம் இது. அந்தப் பயத்தில் யாருக்கு என்ன ஒழுக்கம் வந்தது, சொல்லுங்கள்.

கமெரா நல்லதுதான். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2019 டிசம்பரிலிருந்து, ஓடும்போது போன் பிடித்திருப்பவரைப் படம் எடுக்கவென்றே கமெரா பூட்டியிருக்கிறார்கள். இங்கே அனுராதபுரச் சந்தியில் பூட்டினால் சாரதி அனுராதபுரச் சந்தியில் நல்ல பிள்ளையாக இருப்பார். அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஓடும்போது கையில் போன் வைத்திருப்பது இந்த நாட்டில் ஏற்கனவே குற்றம். பிடிபட்டால் லைசென்ஸை வாங்கிக்கொண்டு துண்டு எழுதித் தருவார்கள். பதினான்கு நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டி மீட்க வேண்டும். பிந்தினால் இரட்டிப்பு, அதற்கும் பிந்தினால் நீதிமன்றம். இப்போது போனிலேயே தண்டம் கட்டவும் வசதி செய்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டே கட்டாமல் விட்டால் சரி. தொகையைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2016 கடைசியில் சில வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய் என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்று தெருவில் நின்றது உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள்தான்.

ஆபத்தைப் பற்றி உங்களோடு எனக்கு ஒரு வாதமும் இல்லை. மெசேஜ் ஒன்றை வாசிக்கவோ எழுதவோ கண் ஏறக்குறைய ஐந்து செக்கன் றோட்டை விட்டு விலகுகிறது என்பது அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்லும் கணக்கு. பஸ் மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் அந்த ஐந்து செக்கனில் 83 மீற்றர் போய்விடும். கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதாவது ஒரு மெசேஜுக்குப் பாலத்தில் ஐந்தில் ஒரு பங்கை உங்கள் சாரதி கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறார், பஸ் நிறையச் சனத்தோடு. அந்த உம்மா சத்தம் போட்டது அவருக்கு மட்டும் கேட்டிருக்கக் கூடாது. பஸ்ஸில் இருந்த மற்ற எல்லோரும் எங்கே? நீங்கள் உட்பட?

கடுமையான சட்டம் என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது ஒன்று. 2010இல் அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகளின் ஆய்வு நிறுவனம் ஒன்று, மெசேஜ் அனுப்புவதைத் தடைசெய்த நாலு மாநிலங்களை எடுத்துப் பார்த்தது. கலிபோர்னியா, லூசியானா, மினசோட்டா, வாஷிங்டன். தடைக்குப் பிறகு மோதலுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் குறையவில்லை, சில இடங்களில் கொஞ்சம் கூடியும் இருந்தது. பிடிபடாமல் இருக்கப் போனை இன்னும் கீழே, மடிக்கு இறக்கிவிட்டார்கள் போலும் என்பது அவர்களுடைய ஊகம். எங்கள் பஸ்ஸிலும் அதுதானே? சீனக்குடாவில் பொலிஸ் நின்றால் போன் மடிக்கு இறங்கும், தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு ஏறும். மேலே இருந்தாலாவது ஓரக்கண்ணில் றோட்டுத் தெரியும். மடியில் அதுவும் இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன், தங்கச்சி.

"மெசேஜ் போட்டால் உடனே பதில் போடுவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவருடைய நல்ல குணத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். உடனே பதில் போடுகிற நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார்? பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளிக்கிட்டு, காலைச் சனத்துக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடுவில், இந்த ஊர் மான்கள் வேறு நினைத்த இடத்தில் றோட்டைக் கடக்க, ஓடிக்கொண்டு இருக்கிறார். நீங்கள் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து "அண்ணா எங்க வாறீங்க?" என்று கேட்கிறீர்கள். அவர் ஒரு கையால் "சிவன் கோயிலடி" என்று எழுதுகிறார். அந்த றோட்டில் நடந்துபோகிற பிள்ளைகள் உங்கள் கணக்கில் வரவில்லை. கிண்ணியாப் பாலத்தில் அவர் யாருக்கு எழுதினார் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த தரிப்பில் நிற்கிற இன்னொரு ஆசிரியைக்காக இருக்கலாம்.

2009இல் நியூ ஜேர்சியில் பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன் மெசேஜ் பார்த்துக்கொண்டு ஓடி, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த கணவன் மனைவியை மோதினான். இரண்டு பேரும் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். அவர்கள் அவனோடு மட்டும் நிற்கவில்லை. அவனுக்கு மெசேஜ் அனுப்பிய பெட்டைக்கும் எதிராக வழக்குப் போட்டார்கள். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நான் பலதரம் வாசித்திருக்கிறேன். வாங்குகிறவர் ஓடிக்கொண்டிருக்கிறார், ஓடும்போதே பார்ப்பார் என்று தெரிந்துகொண்டு அனுப்பினால் அனுப்பியவருக்கும் பொறுப்பு உண்டு. அந்தப் பெட்டைக்கு அப்படித் தெரியும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை, ஆகவே அவளை விட்டுவிட்டார்கள். உங்களுக்கு ஆதாரம் வேண்டியதே இல்லை. நீங்களே கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

சட்டம் கடுமையாக வேண்டும் என்றால் இந்தப் பக்கம் கடுமையாகட்டும். பஸ் முதலாளி சாரதிக்குத்தான் எடுப்பார். முன்னால் போன பஸ் எங்கே, கலெக்சன் எவ்வளவு, ஏன் பிந்துகிறாய். பக்கத்தில் கொண்டக்டர் சும்மா நிற்பார். லைசென்ஸ் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் வைத்தவருக்கும் தண்டம் என்று அந்த 25,000 ரூபாய்ப் பட்டியலிலேயே இருந்தது. முதலாளியைத் தொட எங்கள் சட்டத்துக்குத் தெரியும். ஓடுகிற நேரம் சாரதிக்கு அழைப்பெடுக்கிற முதலாளியையும் தொடட்டும். காதில் மாட்டிக்கொண்டு பேசினால் சரி என்று ஒரு சாட்டு வரும். அப்படிப் பேசுவதும் பெரிதாகப் பாதுகாப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது.

முதலாளியைச் சட்டத்தால் பிடிக்கலாம். வீட்டில் இருக்கிற அம்மாவை என்ன செய்வது?

என் அண்ணர் யுத்த காலத்தில் ஹயர் வான் ஓடினவர். பெரும்பாலும் கட்டுநாயக்கா எயார்போட் ஓட்டம், வெளிநாடு போகிற பெடியன்களை ஏற்றிக்கொண்டு. கைத்தொலைபேசி வருமுன் அவர் போனால் போனதுதான். திரும்பி வந்து கேற்றைத் தட்டும்வரை அம்மா சாப்பிட மாட்டா. கொழும்பிலிருந்து எடுப்பார் என்று கொமியூனிகேஷன் கடை வாங்கில் நேரக்கணக்காக இருந்திருக்கிறா. போன் வந்த பிறகு அம்மா றோட்டை மனப்பாடமாக்கிக்கொண்டா. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேரம் வைத்திருப்பா. அந்த நேரத்துக்கு எடுப்பா. அண்ணர் எடுக்காவிட்டால் செக்பொயின்டில் பிடித்துவிட்டான்கள் என்றுதான் அர்த்தம். அந்த நாளில் அது வீண் பயமும் இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படிப் போய் வராத பிள்ளைகள் இருந்தார்கள்.

அண்ணர் ஓடும்போது போன் தொட மாட்டார். ஹபரணைக் காட்டில் யானை ஏறுகிற றோட்டில் எப்படித் தொடுவது? முன்சீட்டில் யார் இருக்கிறாரோ அவர் கையில் போனைக் கொடுத்துவிடுவார். "அம்மாட்டச் சொல்லுங்கோ, கந்தளாய் தாண்டியாச்சு எண்டு." முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் அம்மாவோடு பேசினார்கள். ஒருமுறை திரும்பி வரும்போது வழியில் ஏற்றிய சிங்களப் பெடியன் ஒருவன் முன்சீட்டில். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. "கந்தளாய் அம்மா, கந்தளாய், ஹரி" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். அண்ணர் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பெடியனை அவன்ர வீட்டடியிலயா இறக்கினாய்?"

யுத்தம் 2009இல் முடிந்தது. அந்த அழைப்பு முடியவில்லை. இன்றைக்கும் ஒருவர் வெளிக்கிட்டால் வீடு எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இப்போது வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்தும் பதில் வராவிட்டால் கோபம், விழாவிட்டால் பயம். கனடாவும் லண்டனும் சேர்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்கின்றன. என் மருமகள் எட்டு வயதில் அம்மாவோடு அந்தக் கடை வாங்கில் இருந்தவள். அதனால்தான் அவளை எனக்கு வடிவாக ஏச வருவதில்லை. உங்களை ஏசிவிட்டேன், பரவாயில்லை. ஏச்சு வாங்குகிற வயதுதான் உங்களுக்கு.

சாரதியைப் பற்றி எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. முதலாளி, மனைவி, தரிப்பில் நிற்கிற சனம் எல்லோரும் அவருடைய பையில்தான் இருக்கிறார்கள். யாருக்குப் பதில் போடாவிட்டாலும் அவர் கெட்ட மனிதராகிவிடுவார். நீங்களும் அவரை நல்ல மனிதர் என்று சொன்னது பதில் போடுகிறார் என்பதற்காகத்தானே? கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அங்கே பாதை என்று சொல்லும் மிதவைப் படகில்தான் கடந்தோம். வெயிலில் கரையில் நின்றோம், அது வரும்போது வந்தது. பாதைக்காரனிடம் யாரும் எங்கே வருகிறாய் என்று கேட்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஓம், சட்டம் கடுமையாகட்டும், நான் எதிர்க்கவில்லை. தண்டமும் கூடட்டும். ஆனால் நாளைக் காலையில் அந்தச் சாரதியின் நம்பரை உங்கள் போனிலிருந்து அழியுங்கள். உங்களோடு ஏறுகிற மற்ற ஆசிரியர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் முந்தி வந்து சந்தியில் நில்லுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் அதிபர் ஏசுவார், ஏசட்டும். அவசரம் என்றால் கொண்டக்டரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், நானும் அந்தப் பஸ்ஸில் மூதூர் போகிறவன்தான்.

அன்புடன்.